பார்ப்பவளின் உயரம்

“உன் உயரம் எவ்வளவுட்டி?”

எட்டாம் வகுப்பில் ஜெபராணி டீச்சர் இசக்கியிடம் இப்படிக் கேட்டார். பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த நேரம். இசக்கி வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். இசக்கிக்கு வாய் திறக்க எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். வெளியே யார் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும். பிறகு திரும்பிப் போய்விடும்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அவள் அப்பா கொம்பையாவால் டவரிலிருந்து இறங்க முடியாமல் போயிற்று.

அப்பா செல்போன் டவரின் உச்சியில் நின்றார். அம்மா ஆவுடை டவரின் அடியில் உட்கார்ந்திருந்தாள். இசக்கி டவரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, பொட்டலில், ஒரு சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றாள். அவர்கள் குடும்பம் அப்போது ஒரு செங்கோண முக்கோணமாக இருந்தது. ரேஷன் அட்டையில்கூட அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா ஏறியது இசக்கிக்காக. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் ஆறுமுகப்பெருமாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்தார். சிடுசிடுப்பு ஒன்றும் இல்லை. பிரியமாகத்தான் கொடுத்தார்.

“நம்ம பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்புல நூத்துக்கு நூறு தேர்ச்சிம்மா. நீயும் இருந்தா அது தொண்ணூத்தொம்பதாயிரும். ஒருத்தியால மத்தப் பிள்ளைகளுக்கு ஏன் கெட்ட பேரு?”

இசக்கிக்கு அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. ஆனால் கணக்கில் அவள் சுமார்.

அப்பாவுக்குச் சரியாகப் படவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினார். தலைமையாசிரியர் காதருகே கையைக் குவித்துக் காட்டினார். அந்த ஊரில் தரையில் நின்று சொல்வது யார் காதிலும் விழாது. கோரிக்கை என்று ஒன்று இருந்தால் டவரில் ஏறித்தான் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பஸ் ஸ்டாண்டு டவரில் பட்டா கேட்டு ஒருத்தர் நின்றார். ரைஸ்மில் டவரில் போன புருஷனைத் திருப்பிக் கேட்டு ஒரு அக்கா நின்றாள். மழை வந்தால் அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கையாட்டிக்கொள்வார்கள்.

அப்பா செருப்பைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார்.

“மகளைப் பத்தாம் வகுப்புல சேக்கச் சொல்லிட்டு வந்திருதேன். சோத்துக்கு வந்திருவேன்” என்றார். ஏறினார்.

அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடியில் இருந்த பலகையை எல்லோரும் கவனித்தார்கள். ‘இந்தப் படிகள் ஏறுவதற்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது.

ஆளை இறக்க ஏணி வேண்டும். ஏணிக்கு நீளம் தெரிய வேண்டும். நீளத்தைச் சொல்ல சர்வேயர் வேண்டும். சர்வேயர் தேவசகாயம் வந்தார். கறுப்புக் குடையும் மூன்று கால் வைத்த கருவியும் வைத்திருந்தார். கருவி அவருக்கு முன்னால் தானாக நடந்து வந்தது.

“டவரைத் தொட்டு அளக்க முடியாது. அளக்க ஏறுறவனையும் அப்புறம் இறக்கணும். தள்ளி நின்னு பார்த்துத்தான் அளக்கணும்” என்றார். “பார்க்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். கண்ணை எடுக்காம பார்க்கிற ஆள். இங்க யாரு சும்மா இருக்கா?”

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள்.

“ஏம்மா, நீ பள்ளிக்கூடம் போகலையா?”

இசக்கி வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் காலைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டு முடித்துவிட்டார்.

அப்பாவின் குதிகால்களைப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். சர்வேயர் அவள் தோளுக்கு மேலே கருவியை நிறுத்திக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“நாப்பத்தஞ்சு பாகை. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல. யாரும் இதைக் கலைச்சிராதீங்க.”

பிறகு இசக்கியிடம் சொன்னார். “இனிமே நீ ‘ஏ’ என்ற புள்ளி. வட்டத்தை விட்டு வெளிய வராத. குதிகாலை விட்டுக் கண்ணை எடுக்காத. நீ கண்ணை எடுத்தா கோணம் விழும். கோணம் விழுந்தா உங்கப்பா விழுவாரு.”

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தார். செங்கோணத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா டவரின் இரும்புக் காலில் முதுகைச் செங்குத்தாகச் சாய்த்து, கால்களை இசக்கி இருக்கும் பக்கமாக நேரே நீட்டி உட்கார்ந்தாள். மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டாள். இலையை வெட்டினாள், தூளைப் போட்டாள், சுற்றினாள்.

“நான் எந்திரிச்சா என்ன ஆகும் சார்?”

“செங்கோணம் விரிகோணமாயிரும்.”

“ஆனா?”

“அது எங்க ஆபீஸ் இல்லம்மா.”

அம்மா எழுந்திருக்கவில்லை.

போகப் போக அம்மாவின் கால்கள் நீண்டன. அடுத்துள்ள பக்கம் என்று ஒன்று வேண்டும் அல்லவா, அது அவள்தான். முதலில் சேலைக் கரையைத் தாண்டின. பிறகு நெரிஞ்சி முள் கிடந்த இடத்தைத் தாண்டின. ஒரு நாள் இசக்கியின் கட்டைவிரலை வந்து தொட்டது ஒரு கட்டைவிரல். குனிந்து பார்க்க முடியாது. மெட்டியை வைத்துத்தான் அம்மா என்று கண்டுபிடித்தாள். பொட்டலைக் கடக்கும் ஆடுகள் அம்மாவின் முழங்காலைத் தாண்டிக் குதித்துப் போயின.

அம்மா உட்கார்ந்தபடியே பொங்கினாள். அப்பாவுக்குத் தூக்குச்சட்டி கயிற்றில் ஏறிப் போகும். இசக்கிக்குத் தட்டு அம்மாவின் கால்மேல் வழுக்கிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கத்திலும் அடுத்துள்ள பக்கத்திலும் போக்குவரத்து இருந்தது. கர்ணத்தின் வழியாக மட்டும் எதுவும் போகவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்தது அந்தக் கர்ணம்தான். அதில் பார்வை மட்டும் போகும். பார்வையில் எதையும் கட்டி அனுப்ப முடியாது.

பேச்சும் அம்மா வழியாகத்தான் சுற்றி வர வேண்டும்.

“ஏட்டி, ஒங்கப்பா கேக்காரு, சாப்பிட்டியான்னு.”

“சாப்பிட்டேன்னு சொல்லும்மா. பிடரி வலிக்குன்னும் சொல்லு. ராத்திரி கண்ணு எரியுதுன்னும் சொல்லு.”

அம்மா அண்ணாந்து கத்துவாள். “நல்லாருக்காளாம்!”

மேலிருந்து ஏதோ சத்தம் வரும்.

“அவரும் நல்லாருக்காராம்.”

இதற்கு நடுவில் இசக்கி வளர்ந்தாள். வயசு அப்படி. பாவாடை கணுக்காலை விட்டு மேலே போயிற்று. அதில் ஒரு சங்கடம் இருந்தது. கோணம் நாற்பத்தைந்து, அது மாறக் கூடாது. தூரம் முப்பது, அதுவும் மாறக் கூடாது. எனவே அவள் கண் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு டவரும் உயர வேண்டியிருந்தது. இசக்கி ஒரு விரற்கடை வளர்ந்தால் டவரும் ஒரு விரற்கடை வளர்ந்தது.

“ஏட்டி, வளராத. ஒங்கப்பாவுக்கு மேல ஒரே குளிரா இருக்காம்.”

“நானா வளருதேன்? அதுவா வளருது.”

“அதுகிட்ட சொல்லு.”

இசக்கி கொஞ்ச நாள் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிப் பார்த்தாள். அப்போதும் வளர்ந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பத்தாம் வகுப்புக்குப் புதுக் கணக்குப் புத்தகம் வந்திருந்தது. அதில் முக்கோணவியல் பாடத்தில் இப்படி ஒரு கணக்கு. ‘ஏ என்ற புள்ளியிலிருந்து முப்பது மீட்டர் தொலைவில் உள்ள ஒரு டவரின் உச்சியில் ஒரு தகப்பன் நிற்கிறான். அவனது ஏற்றக்கோணம் நாற்பத்தைந்து பாகை. டவரின் உயரத்தையும், அவனை இறக்கத் தேவையான ஏணியின் நீளத்தையும் காண்க.’ பக்கத்தில் படம். டவர் ஒரு கோடு. அம்மா ஒரு கோடு. தரைக்கோட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

செய்முறைக்காக ஜெபராணி டீச்சர் வகுப்பையே பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சுகளும் கூடவே வந்து வரிசையாக நின்றுகொண்டன. பிள்ளைகள் ஆளுக்கொரு பாகைமானி வைத்திருந்தார்கள். அதன் விளிம்பில் ஜூஸ் உறிஞ்சும் குழல், நடுவில் நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. ஒவ்வொருத்தியாக இசக்கியின் பக்கத்தில் வந்து நின்று, குழல் வழியாக அவள் அப்பாவின் குதிகாலைப் பார்த்தார்கள். நூல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

சந்தனமாரி முன்பு இசக்கியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இசக்கியின் ரப்பர் ஒன்று இன்னும் அவளிடம்தான் இருந்தது.

“ஏட்டி, கண்ணைச் சிமிட்டாத. எனக்கு விடை மாறுது.”

“கண்ணு எரியுதுட்டி.”

“காலாண்டுப் பரீட்சை முடியட்டும். பெறவு எரியட்டும்.”

“எங்கப்பா எப்படி இருக்காரு? உனக்கு மூஞ்சி தெரியுதா?”

சந்தனமாரி குழலை இன்னொரு தடவை கண்ணில் வைத்தாள். “கணக்குல குதிகால்தான் கேட்டிருக்கு” என்றாள்.

டீச்சர் நல்ல சத்தமாகப் பாடம் நடத்தினார். கோணத்துக்கு எதிரே நிற்பது எதிர்ப்பக்கம், அது டவர். தரையோடு கிடப்பது அடுத்துள்ள பக்கம். அம்மா பீடித்தட்டிலிருந்து கையை எடுத்து வணக்கம் வைத்தாள். செங்கோணத்துக்கு எதிரே சரிவாகப் போவது கர்ணம். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். டேன் நாற்பத்தைந்து என்றால் ஒன்று. எனவே டவரும் முப்பது மீட்டர்தான். இனி ஏணி. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். அதை வைத்துக் கர்ணத்தைக் கண்டுபிடி. நாற்பத்திரண்டு மீட்டரும் கொஞ்சமும். முடிந்தது.

அண்ணாந்த கழுத்தோடு இசக்கி எல்லாவற்றையும் கேட்டாள். வகுப்பறையில் இருந்தபோது கணக்கு அவளுக்கு ஒட்டவே ஒட்டாது. சுவரில் சாய்த்த ஏணியும் காற்றில் பறந்த பட்டமும் யாருடையவை என்று புத்தகத்தில் போட்டிருக்காது. இங்கே எதிர்ப்பக்கத்தின் உச்சியில் அப்பா இருந்தார். அடுத்துள்ள பக்கத்தில் மெட்டி இருந்தது. ஒரு தடவை கேட்டதும் பிடிபட்டுவிட்டது.

பிடிபட்டதும் ஒரு பிழையும் தெரிந்தது.

புத்தகத்தில் கோடு தரையிலிருந்து கிளம்பி டவர் உச்சிக்குப் போகிறது. அவளுடைய கோடு அவள் கண்ணிலிருந்து கிளம்புகிறது. கண்ணுக்குக் கீழே கழுத்து இருக்கிறது. நெஞ்சு இருக்கிறது, வயிறு இருக்கிறது, குட்டையாகிப்போன பாவாடை இருக்கிறது, மரத்துப்போன கால்கள் இருக்கின்றன. கண்ணுக்குக் கீழே அவள் முழுசாக இருக்கிறாள். கணக்கில் அவள் இல்லை. டவர் முப்பது மீட்டர் இல்லை, முப்பதோடு அவளும்.

இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். வார்த்தை தொண்டைக்கு வந்து எட்டிப் பார்த்தது. பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள். திரும்பிப் போயிற்று. அடுத்த முறை வகுப்பு வந்தபோது மறுபடி வந்தது. அதற்கும் அடுத்த முறைதான் வெளியே விழுந்தது.

“டீச்சர்.”

“யாருடி அது? புள்ளியா பேசுது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். பெஞ்சுகளும் லேசாக ஆடின.

“என் உயரத்தையும் கூட்டணும் டீச்சர். கோடு என் கண்ணுல இருந்துல்லா தொடங்குது. தரையில இருந்து இல்லையே. இப்படியே ஏணி செஞ்சா எட்டாது டீச்சர்.”

ஜெபராணி டீச்சர் அவள் காலைப் பார்த்தார். மெதுவாகக் கண் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல் பக்கத்தில் வந்தார்.

“சரிதான். ஆனா பார்க்கிறவங்க உயரம் அடுத்த பயிற்சியிலதான் வருது. அந்தப் பயிற்சியை இந்த வருஷம் பாடத்துல இருந்து எடுத்துட்டாங்க.”

“அப்போ எங்கப்பா?”

“உங்கப்பா இந்தப் பயிற்சியில இருக்காரு இசக்கி.”

டீச்சரின் குரலில் வருத்தம் இருந்தது. மணி அடித்தது. பெஞ்சுகள் முதலில் கிளம்பின.

இசக்கி அம்மாவின் கட்டைவிரலைத் தன் விரலால் சுரண்டினாள்.

“எம்மா, அப்பாகிட்ட சொல்லு. ஏணி பத்தாது. என் உயரத்தை யாரும் கூட்டலைன்னு சொல்லு. விட்டுராம அப்படியே சொல்லு.”

“அவ்வளவும் சொல்லணுமா?”

“அவ்வளவும் சொல்லு.”

அம்மா மூச்சை இழுத்து அண்ணாந்தாள். “நல்லாருக்காளாம்!”

அரசுப் பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. எல்லோரும் போட்டார்கள். எல்லோரும் பாஸ். நூற்றுக்கு நூறு. தலைமையாசிரியர் மேளத்தோடு பொட்டலுக்கு வந்தார். மாலையை யாருக்குப் போடுவது என்று கொஞ்சம் தயங்கிவிட்டு டவரின் காலுக்குப் போட்டார். அது அம்மாவின் பிடரியில் உராய்ந்தது.

“கொம்பையாகிட்ட சொல்லுங்க. கோரிக்கை ஏத்துக்கிட்டாச்சு. இசக்கியை மறுபடியும் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாச்சு.”

அம்மா மேலே சொன்னாள். மேலிருந்து சத்தம் வந்தது.

“பத்தாம் வகுப்புக்குத்தானான்னு கேக்காரு.”

“பத்தாம் வகுப்புக்கேதான். மாணவியா இல்ல, கற்றல் உபகரணமா. உலக உருண்டைக்கு அடுத்தபடியா இவதான். வருஷா வருஷம் பத்தாம் வகுப்பு இவளை விட்டு நகர முடியாது.”

அம்மா அண்ணாந்தாள். “பத்தாம் வகுப்புக்கேதானாம்!”

இசக்கி அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்பா இறங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்பா தரையில் நின்றால் பேச்சு அம்மா வழியாகப் போகவேண்டியதில்லை.

ஏணியைப் புத்தக விடைப்படி வெல்டிங் பட்டறையில் செய்தார்கள். அதன் முன்பகுதி காலையில் பொட்டலுக்கு வந்தது. பின்பகுதி டீ நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நடுப்பகுதி தெருமுனையில் திரும்பும்போது யாரோ அதில் துணி காயப் போட்டிருந்தார்கள்.

ஏணியின் இரண்டு கால்களையும் சுண்ணாம்பு வட்டத்தில், இசக்கிக்கு இரண்டு பக்கமும் ஊன்றினார்கள். நிமிர்த்தினார்கள். டவரில் சாய்த்தார்கள். ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது.

எட்டவில்லை.

அப்பா ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவினார். கால் காற்றைக் கலக்கியது. ஏணியின் நுனிக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை நிற்கலாம். பாதத்திலிருந்து கண் வரைக்கும் கச்சிதமாக இருக்கும்.

சந்தனமாரிதான் கேட்டாள். “டீச்சர், நம்ம விடை தப்பா?”

தலைமையாசிரியர் சட்டென்று திரும்பினார். “நூத்துக்கு நூறு வந்திருக்கு. விடை எப்படித் தப்பாகும்?”

டீச்சர் தன் குடையை விரித்தார். வெயில் இல்லை.

சர்வேயர் தேவசகாயம் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். இசக்கியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“விடை சரி. ஏணி சரி. பொண்ணுதான் தப்பா நிக்குது. படத்துல புள்ளி தரையில இருக்கு. இது தரைக்கு மேல இருக்கு.”

“யாருய்யா கவனிக்காம விட்டது?” என்று தலைமையாசிரியர் கோபப்பட்டார்.

இசக்கியின் முழங்கால் தானாக மடங்கியது. டவர் கிறீச்சிட்டு ஒரு சாண் இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

“இன்னும் இறங்கும்மா” என்றார் சர்வேயர்.

மண்டியிட்டாள். டவரும் மண்ணுக்குள் இறங்கியது. குதிகாலுக்கும் ஏணிக்கும் நடுவே இன்னும் பாதிப் பிள்ளை நிற்க இடம் இருந்தது.

“படுத்துக்கிட்டா எட்டிராதா?” என்று கேட்டாள் அம்மா.

“படுத்தா நீளமாயிரும். புள்ளிக்கு நீளம் கிடையாதும்மா.”

குழி வெட்டலாம் என்று முடிவாயிற்று. நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்களை மண்வெட்டியோடு கூட்டி வந்தார்கள். எல்லோரும் இசக்கியைத் தெரிந்தவர்கள்தான்.

“பயப்படாதட்டி. உள்ள குளுகுளுன்னு இருக்கும்” என்றாள் ஒருத்தி.

“ஒங்கப்பன் ஒனக்காக எம்புட்டு உசரத்துல நிக்கான். நீ இம்புட்டு ஆழத்துல நிக்கக் கூடாதா?” என்றாள் இன்னொருத்தி.

ஒரு கூடை மண் வெளியே போனால் இசக்கி கொஞ்சம் இறங்கினாள். அவள் இறங்கியபோதெல்லாம் டவரும் இறங்கியது. வேண்டாம் என்று சொல்ல வார்த்தை தொண்டைக்கு வந்தது. இந்தத் தடவை அவளே அதைத் திருப்பி அனுப்பினாள். குழி ஒன்றும் கிணறு இல்லை. அவள் நிற்கும் ஆழம்தான். அப்பா இறங்கியதும் குனிந்து ஒரு கையைக் கொடுத்தால் போதும். இன்னொரு கையை மண்ணில் ஊன்றி அவளே ஏறி வந்துவிடுவாள். இதற்குச் சைனும் வேண்டாம், டேனும் வேண்டாம்.

மண் அவள் கீழிமையைத் தொட்டபோது சர்வேயர் “போதும்” என்றார். இசக்கியின் காதுகளுக்கு இரண்டு பக்கமும் ஏணியின் கால்கள் இருந்தன. கண்ணுக்கு நேரே அம்மாவின் உள்ளங்கால்கள் தெரிந்தன. அவற்றில் பீடித்தூள் ஒட்டியிருந்தது.

மேலே குதிகால் ஏணியைத் தொட்டது.

அப்பா இறங்கினார். அவள் பார்வை போன பாதையிலேயே இறங்கினார். முதல்முறையாகக் கர்ணத்தின் வழியாக ஒன்று வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் இரண்டு கடுகு போலத் தெரிந்த குதிகால்கள் புளியங்கொட்டை ஆயின. பிறகு எலுமிச்சம்பழம் ஆயின. அவற்றில் வெடிப்புகள் தெரிந்தன. வெடிப்புகளில் மழைக்காலத்துப் பாசி தெரிந்தது. கடைசிப் படி அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. அப்பா அவளைத் தாண்டி மண்ணில் குதித்தார்.

ஊர் கைதட்டியது. அம்மாவின் கால்கள் சுருங்கிச் சேலைக்குள் போயின. இசக்கியின் கண்ணுக்கு நேரே வெறும் பொட்டல் கிடந்தது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து செருப்பைக் கொண்டுவந்து போட்டாள். அப்பா மாட்டிக்கொண்டார். யாரோ டீ கொடுத்தார்கள்.

“மகளைப் பாருங்க கொம்பையா. எவ்வளவு கச்சிதமா இருக்கா” என்றார் தலைமையாசிரியர்.

அப்பா பார்த்தார். ஆள் உயரத்தில் பார்த்தார். சந்தனமாரி நின்றாள், பெஞ்சுகள் நின்றன. தான் விட்டுப்போன உயரத்தில் தேடினார். அங்கேயும் இல்லை.

“கீழ பாருங்க” என்றாள் அம்மா.

அப்பா குனிந்து பார்த்தார். மேலே நின்றபோதும் அவருக்கு இசக்கியின் வகிடுதான் தெரிந்திருக்கும். இப்போதும் வகிடுதான். அதற்குக் கீழே, மண்ணோடு மண்ணாக இரண்டு கண்கள்.

இசக்கிக்கு வார்த்தை உடனே வந்தது. எங்கும் எட்டிப் பார்க்காமல் நேரே வந்தது.

“எப்பா, என் உயரத்தைக் கூட்டலை.”

குழியிலிருந்து ஒரு கையை வெளியே நீட்டினாள்.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்து டீயில் விழுந்தது. டம்ளரைக் கையின் பக்கத்தில் மண்ணில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

முகம் கழுவப் போகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

அப்பா டவருக்குப் போய் முதல் படியில் காலை வைத்தார்.

“இப்ப என்ன கோரிக்கையாம்?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“தெரியலையே சார்” என்றாள் அம்மா. செருப்பை எடுத்துக்கொண்டாள். டவரின் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கால்களை நீட்டினாள். பீடித்தட்டை மடிக்கு இழுத்தாள்.

சர்வேயர் ஓடிப்போய்க் கருவியின் மூன்று கால்களையும் குழியோரத்தில் ஊன்றினார். “பூஜ்யத்துல இருந்து வருது. அடடா, அருமையா ஏறுது. அஞ்சு. பத்து. கண்ணை எடுக்காதம்மா.”

இசக்கி கண்ணை எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

“கையை இறக்கும்மா” என்றார் சர்வேயர். “படத்துல புள்ளிக்குக் கை கிடையாது.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்பா ‘ஏறுவதற்கு மட்டும்’ பலகையைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தார்.